தடுப்பாற்றல் ஜீன்களும் மனச்சிதைவு நோயும்

மும்பை மாநகரில் தாராவி, மாடுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாகக் குடியிருந்து வருகின்றனர். திருநெல்வேலிச் சீமையினின்று தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரின் வழியினர் தாராவியிலும், அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணியாற்ற வந்தோரின் வழியினர் பெரும்பாலும் மாடுங்காவிலும் செம்பூரிலும் வாழ்கின்றனர். வசதியிலும் வாழ்க்கை முறையிலும் இவர்களிடையே வேற்றுமை மிகுதி. ஆயினும் வீட்டிலுள்ள இளைஞன் ஒருவனுக்கு மனச்சிதைவு நோய் கண்டுவிட்டால், வீடு தேடிவரும் சுகாதார ஊழியரிடம் இவர்கள் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றே: “இது எங்கள் இரத்தத்திலேயே உள்ள வியாதியா? இவன் தங்கைக்கு மணம் பேசலாமா?”

இதற்கு விடை கூறுதல் எளிதன்று. ‘ஆம்’ என்று சொன்னால் அப்பெண்ணின் திருமணம் தடைப்படலாம். நோயாளியை வெளியே காட்டாமல் மறைத்து வைக்கும் வழக்கமும் வலுப்பெறலாம். ‘இல்லை’ என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. உடலின் நோய்த்தடுப்பாற்றலோடு தொடர்புடைய சில ஜீன்களுக்கும் மனச்சிதைவு நோய்க்கும் உறவு உண்டென விஞ்ஞானிகள் கண்டறிந்த பின்னர் இக்கேள்வி மேலும் சிக்கலாகியுள்ளது. இச்செய்தி பத்திரிகைகளில் சுருங்கி, மனச்சிதைவை உண்டாக்கும் ஜீன் அகப்பட்டுவிட்டது என்ற அளவில் மக்களை எட்டுகின்றது. ஆராய்ச்சி மெய்யாகக் கூறுவது யாது, அது கூறாதது யாது என்பதைக் கள ஊழியரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

நோயின் இயல்பு

ஒரே மனிதரிடம் இரண்டு ஆளுமைகள் குடிகொண்டிருப்பதே மனச்சிதைவு என்று பலர் எண்ணுகின்றனர். திரைப்படங்கள் பரப்பிய தவறான கருத்து இது. இந்நோயில் சிதைவது சிந்தனைக்கும் உணர்ச்சிக்கும் புறவுலக அறிவுக்கும் இடையேயுள்ள இணக்கமாகும். பிறர் செவிக்கு எட்டாத குரல்கள் நோயாளிக்குக் கேட்கின்றன. தம்மை யாரோ பின்தொடர்வதாகவோ, உணவில் நஞ்சு கலப்பதாகவோ அசைக்க முடியாத நம்பிக்கை எழுகின்றது. பேச்சு கோவையற்றுப் போகின்றது. இவற்றைக் காட்டிலும் குடும்பத்தாரை வருத்துவது மற்றொன்று: முயற்சி குன்றி, குளிப்பதும் உண்பதுங்கூடப் பாரமாகி, நோயாளி தம்முள் ஒடுங்கிவிடுவதே அது. ஆண்களிடம் பெரும்பாலும் பதின்வயதின் இறுதிக்கும் இருபதுகளின் நடுவிற்கும் இடையிலும், பெண்களிடம் சில ஆண்டுகள் பிந்தியும் நோய் தலைகாட்டும்.

வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாவோர் 100 பேரில் ஒருவர், அல்லது அதற்குச் சற்றுக் குறைவு எனலாம். பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் நிலையம் 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சிதைவும் அதனையொத்த பிற கடும் மனநோய்களும் உடையோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சிகிச்சை பெறாதிருந்தமை தெரியவந்தது. ஜீன்களைப் பற்றிய எந்தப் பேச்சையும் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டே தொடங்குதல் நலம்.

பாரம்பரியமும் ஒரு மும்பை உதாரணமும்

மனச்சிதைவு குடும்பங்களில் தொடர்ந்து காணப்படுவது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. ஐரோப்பியக் குடும்பங்களை ஆராய்ந்து பெற்ற கணக்குகளின்படி, உடன்பிறந்தார் ஒருவருக்கு நோய் இருப்பின் மற்றவருக்கு அது காணும் வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 9. தாய், தந்தையருள் ஒருவருக்கு இருப்பின் பிள்ளைக்கு ஏறத்தாழ 10 முதல் 13 வரை. ஒரே கருவினின்று பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது 100-க்கு 40 முதல் 50 வரையே. இந்தக் கடைசி எண் ஊன்றி நோக்கத்தக்கது. இவ்விரட்டையரின் ஜீன்கள் முற்றிலும் ஒன்றே. ஜீன்கள் மட்டுமே நோயைத் தீர்மானிப்பனவாயின், ஒருவர் நோயுறும் போதெல்லாம் மற்றவரும் நோயுற்றாக வேண்டும். பாதிப் பேர் தப்பிவிடுகின்றனர் என்பதிலிருந்து, ஜீன் வழி வருவது நோயன்று, நோய்க்கு இடந்தரும் தன்மையே என்பது பெறப்படும்.

இவ்வேறுபாட்டை விளக்க, வகுப்பறையில் எடுத்துக்காட்டத்தக்க சான்று ஒன்று மும்பையிலேயே உண்டு. 1952-ம் ஆண்டில் பெண்டே என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும், அதுகாறும் அறியப்படாத இரத்தவகை ஒன்றை இந்நகர மக்களிடையே கண்டு ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். இன்று உலகெங்கும் அது ‘பம்பாய் இரத்தவகை’ என்றே வழங்குகின்றது. ஏ, பி என்னும் பொருள்கள் சிவப்பணுவின்மேல் உருவாவதற்கு எச் என்னும் பொருள் அடித்தளமாக அமைதல் வேண்டும். அதனை ஆக்கும் ஜீனுக்குத் தாய்வழிப் படி ஒன்றும் தந்தைவழிப் படி ஒன்றும் உண்டு. இரண்டுமே பழுதுபட்டிருந்தால் எச் உருவாவதில்லை. அவர்களுக்கு ஓ பிரிவு இரத்தமும் ஒவ்வாது. பம்பாய் வகை இரத்தமே ஏற்றல் வேண்டும். அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணக்கும் வழக்கமுடைய குடும்பங்களில் இவ்வாறு இரு படிகளும் பழுதுற்றுச் சேரும் வாய்ப்பு மிகும்.

இங்கே சம்பந்தப்பட்ட ஜீன் ஒன்று, விளைவு திட்டமானது. சோதனைக் கூடத்தில் சில துளி இரத்தத்தைக் கொண்டு ஐயமின்றி முடிவு கூறிவிடலாம். ‘இரத்தத்திலேயே உள்ளது’ என்று மக்கள் சொல்லும்போது அவர்கள் கருத்தில் நிற்பது இத்தகைய பாரம்பரியமே. மனச்சிதைவின் பாரம்பரியம் இவ்வகைப்பட்டதன்று. 2022-ம் ஆண்டில் வெளியான பன்னாட்டு ஆராய்ச்சி ஒன்றில், 76,755 நோயாளிகளின் ஜீன் தொகுதி, நோயற்ற 2,43,649 பேரின் ஜீன் தொகுதியோடு ஒப்பிடப்பட்டது. நோயோடு தொடர்புடையனவாக அதில் கண்ட இடங்கள் 287. அவற்றுள் ஒவ்வொன்றும் நோய் காணும் வாய்ப்பைக் கடுகளவே கூட்டுகின்றது, அல்லது குறைக்கின்றது. ஜீனின் பெரும்பகுதி அறுந்துபோதல் போன்ற அரிய மாற்றங்கள் சிலரிடம் வாய்ப்பைப் பன்மடங்கு கூட்டுவதும் உண்டு. அத்தகையோர் தொகை மிகச் சிறிது.

ஆறாவது குரோமோசோம்

2009-ம் ஆண்டில் மூன்று ஆராய்ச்சிக் குழுவினர் ஒரே சமயத்தில் தம் முடிவுகளை வெளியிட்டனர். மூன்றையும் சேர்த்து நோக்கியபோது, ஆறாவது குரோமோசோமின் குறுங்கையில் ஒரு பகுதி தனித்து விளங்கிற்று. மருத்துவர்களுக்கு அது முன்பே பழக்கமான பகுதி. ஆனால் மனநோய் தொடர்பாக அன்று. 1958-ம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஜான் தோசே வெள்ளணுக்களின்மேல் கண்டறிந்த அடையாளப் பொருள்களுக்கு மூலமான ஜீன்கள் அங்கேயே உள்ளன. சிறுநீரகம் மாற்றிப் பொருத்துவதற்குமுன் கொடுப்பவர், பெறுபவர் ஆகிய இருவரிடமும் சோதிக்கப்படும் எச்.எல்.ஏ. என்னும் பொருள்கள் இவையே. தன் உடல், அயல் பொருள் எனப் பிரித்தறியும் வேலை இவற்றினுடையது. அவ்வேலைக்கும், குரல்கள் கேட்கும் நோய்க்கும் என்ன தொடர்பு இருத்தல் கூடும்?

விடை கிடைக்கச் சில ஆண்டுகள் சென்றன. இப்பகுதியில் ஜீன்கள் நெருக்கமாக அமைந்து, கூட்டம் கூட்டமாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. தாராவியின் சந்து ஒன்றில் புகை எழுந்தால் எந்த வீட்டு அடுப்பிலிருந்து என்று தொலைவிலிருந்து சொல்ல இயலாதது போல, தொடர்பு எந்த ஜீனிலிருந்து எழுகின்றது என்று சொல்ல இயலவில்லை. 2016-ம் ஆண்டில் அமெரிக்காவில் அஸ்வின் சேகர், பெத் ஸ்டீவன்ஸ், ஸ்டீவன் மக்காரல் முதலியோர் அடங்கிய குழு, 28,799 நோயாளிகளையும் நோயற்ற 35,986 பேரையும் ஆராய்ந்து, தொடர்பின் ஒரு பெரும்பகுதி சி-4 என்னும் ஜீனிலிருந்து எழுவதாகக் காட்டிற்று.

சி-4 என்பது இரத்தத்திலுள்ள துணைப் புரதங்களுள் ஒன்று. நோய்க்கிருமி உடலுட் புகுந்தால் இப்புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு அடையாளமிடுகின்றன. விழுங்கணுக்கள் அவ்வடையாளத்தைக் கண்டு கிருமியை விழுங்கிவிடுகின்றன. அகற்ற வேண்டிய வீட்டுக்குச் சுண்ணாம்பினால் குறியிடுவது ஒருவர், வந்து இடிப்பது வேறொருவர் என்னும் நகர வழக்கத்தை இதற்கு ஒப்பிடலாம். சி-4 ஜீன் எல்லாரிடமும் ஒரே மாதிரி அமைவதில்லை. ஏ, பி என இரு வகையும், அவ்வொவ்வொன்றிலும் நெட்டுரு, குற்றுரு என இரு வடிவமும் உண்டு. நெட்டுரு நீண்டிருப்பதற்குக் காரணம், பண்டை நாளில் நம் முன்னோரின் உயிரணுக்களில் புகுந்து தங்கிவிட்ட வைரஸ் ஒன்றின் எச்சம் அதனுள் பதிந்திருப்பதாகும். மேலும், இந்த ஜீனின் படிகள் சிலரிடம் குறைவாகவும் சிலரிடம் மிகுதியாகவும் உள்ளன. எந்த அமைப்பு மூளையில் சி-4-ஏ புரதத்தை மிகுதியாக ஆக்குவிக்கின்றதோ, அவ்வமைப்பு உடையோரிடம் மனச்சிதைவு சற்று மிகுதியாகக் காணப்பட்டது. இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவிலும் இந்த ஜீனின் செயல் மிகுந்திருந்தது.

கிருமியை அழிக்கும் புரதத்துக்கு மூளையில் என்ன வேலை என்னும் வினா எழுதல் இயல்பே. 2007-ம் ஆண்டிலேயே ஸ்டீவன்ஸும் பென் பாரெஸ் என்பாரும், வளரும் மூளையில் துணைப் புரதங்கள் நரம்பணு இணைப்புக்களின்மீதும் அடையாளமிடுகின்றன என எலிகளிடம் காட்டியிருந்தனர். குழந்தையின் மூளையில் நரம்பணுக்களிடையே தேவைக்கு மிஞ்சிய இணைப்புக்கள் தோன்றுகின்றன. வளர வளர, பயன்படுவன நிலைபெறுகின்றன, ஏனையவை அகற்றப்படுகின்றன. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் செடிகளைக் கவாத்து செய்வதை இதற்கு உவமையாகக் கூறலாம். மூளையின் முன்பகுதியில் இக்கவாத்து பதின்வயதிலும் தொடர்ந்து நடைபெறுகின்றது. மைக்ரோக்ளியா எனப்படும் விழுங்கணுக்கள் அடையாளமிட்ட இணைப்புக்களை விழுங்குகின்றன. சி-4 இல்லாத எலிகளிடம் கவாத்து குறைந்தது என 2016-ம் ஆண்டு ஆராய்ச்சி காட்டிற்று. மனிதரின் சி-4-ஏ மிகுந்த எலிகளிடம் அது மிஞ்சிப் போயிற்று என 2021-ம் ஆண்டில் வெளியான சோதனைகள் காட்டின.

இளமையில் கவாத்து அளவு மீறுவதே மனச்சிதைவுக்குக் காரணமாகலாம் என்று அமெரிக்க மருத்துவர் ஃபைன்பெர்க் 1980-களின் தொடக்கத்திலேயே ஊகித்திருந்தார். நோய் ஏன் பள்ளிப் பருவத்தின் முடிவில் தலைகாட்டுகின்றது என்பதற்கு அவ்வூகம் ஓரளவு விடை தருகின்றது. அதற்கு இப்போது ஒரு புரதத்தின் பெயரும் கிடைத்துள்ளது. ஆனால் எலியின் மூளையில் கண்டது உயிருள்ள மனிதரின் மூளையில், அதுவும் நோய் தோன்றும் பருவத்தில், அவ்வாறே நிகழ்கின்றது என்று இன்னும் நிறுவப்படவில்லை. கருத்து கவர்ச்சியாக இருப்பதனாலேயே அதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

அளவு யாது?

தொடர்பு உண்டு என்பது ஒன்று. அதன் அளவு வேறொன்று. ஆசிரியர் கரும்பலகையில் இக்கணக்கை எழுதிக் காட்டலாம். சி-4 ஜீனின் மிகக் குறைந்த வாய்ப்புத் தரும் வடிவம் உடைய 1,000 பேரில் 10 பேருக்கு மனச்சிதைவு வருவதாக வைத்துக்கொள்க. 2016-ம் ஆண்டுக் கணக்கின்படி, மிக அதிக வாய்ப்புத் தரும் வடிவம் உடைய 1,000 பேரில் அந்த எண் 12 அல்லது 13 ஆகும். எஞ்சிய 987 பேர் அதே வடிவத்தைத் தாங்கிக்கொண்டு நோயின்றி வாழ்கின்றனர். இந்த ஒரு ஜீனைச் சோதித்து, எவரையும் நோயாளியாவார் என்றோ ஆகமாட்டார் என்றோ கூற இயலாது என்பது இதனின்று விளங்கும்.

‘கெட்ட ஜீன்’ என்னும் பேச்சும் பொருந்தாது. 2020-ம் ஆண்டில் மக்காரல் குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி, இதே ஜீனை லூபஸ் என்னும் நோயோடு தொடர்புபடுத்திப் பார்த்தது. தடுப்பாற்றல் தன் உடலையே தாக்குவதால் வரும் நோய் லூபஸ். பெரும்பாலும் இளம் பெண்களைப் பற்றுவது. சிறுநீரகத்தையும் மூட்டுக்களையும் கெடுப்பது. சி-4 படிகள் மிகக் குறைந்தோருக்கும் மிகுந்தோருக்கும் இடையே இந்நோய் காணும் வாய்ப்பில் 7 மடங்கு வேற்றுமை இருந்தது, மிகுந்தோரே காப்புற்றனர். மனச்சிதைவின் வாய்ப்பைச் சிறிது கூட்டும் அதே வடிவம் லூபஸின் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கின்றது. ஒரு குடும்பத்தின் குலக்குறையாகக் கருதப்படுவது, அக்குடும்பத்துப் பெண்களுக்கு மற்றொரு கொடிய நோயினின்று கவசமாகவும் இருத்தல் கூடும்.

தமிழ்க் குடும்பங்களிடம் செய்த ஆராய்ச்சி

மேற்கூறிய எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரிடம் பெற்றவை. 2019-ம் ஆண்டில் கிழக்காசிய மக்களிடம் நடத்திய பேராராய்ச்சியில், ஆறாவது குரோமோசோமின் தடுப்பாற்றல் பகுதி அவ்வாறு தனித்து விளங்கவில்லை. இப்பகுதியின் வடிவங்கள் இனத்துக்கு இனம் பெரிதும் மாறுபடுவதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. ஆகவே ஐரோப்பியரிடம் கண்டதை மாடுங்காவிலோ மதுரையிலோ உள்ளவர்மேல் அப்படியே ஏற்றிக் கூறுவது முறையாகாது. வடவங்காளத்தில் தேவ்நாத் முதலியோர் சிறு தொகையினரான நோயாளிகளிடம் எச்.எல்.ஏ. வகைகளைச் சோதித்து, ஏ-3 என்னும் வகை மிகுந்திருக்கக் கண்டு 2006-ம் ஆண்டில் வெளியிட்டனர். சிறு தொகுதிகளில் கிடைக்கும் முடிவு பெருந்தொகுதிகளில் நிலைப்பதும் உண்டு, மறைவதும் உண்டு.

பெருந்தொகுதி ஒன்று தமிழ்நாட்டிலேயே திரட்டப்பட்டது. மருத்துவர் சாரதா மேனன் 1984-ம் ஆண்டில் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரயன் மௌரியின் குழுவோடு இணைந்து இவ்வேலையை மேற்கொண்டது. நோயாளிகள் 1,321 பேர், அவர்தம் குடும்பத்தார் 885 பேர், பிறர் 886 பேர், ஆக 3,092 தென்னிந்தியர் இதில் இடம்பெற்றனர். முடிவு 2019-ம் ஆண்டில் வெளியாயிற்று. ஐயத்துக்கு அப்பாற்பட்டதெனக் கொள்ளும் எல்லையைத் தாண்டிய இடம் ஆறாவது குரோமோசோமில் இல்லை, எட்டாவதில் இருந்தது. அங்கு கருத்துக்குரியதாகக் கண்ட ஜீன், நியாசின் என்னும் பி பிரிவு வைட்டமினை உடல் பயன்படுத்துவதற்கு வேண்டிய நொதி ஒன்றை ஆக்குவது. மீன் குஞ்சுகளில் அந்த ஜீனின் செயலைக் குறைத்தபோது மூளை வளர்ச்சி கோணிற்று.

நியாசின் குறைவினால் வரும் பெல்லாக்ரா என்னும் நோயை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. மக்காச்சோளத்தையும், தக்காணத்தில் சோளத்தையும் மட்டுமே உண்டு வாழ்ந்தோரிடம் தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, அறிவு மயக்கம் ஆகிய மூன்றையும் அந்நோய் விளைவித்தது. ஐதராபாத்தில் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960-ம் ஆண்டையொட்டி அதனை ஆராய்ந்தனர். எனினும், வைட்டமின் மாத்திரையைக் கொடுத்து மனச்சிதைவைத் தீர்க்கலாம் என்று சென்னை ஆராய்ச்சி கூறவில்லை. மருந்துக் கடைகளில் அவ்வாறு யாரேனும் அறிவுரை கூறுவாராயின் அதனை மறுத்துரைத்தல் ஊழியரின் கடமை.

3,092 பேர் என்பது ஐரோப்பியத் தொகுதிகளை நோக்கச் சிறிய எண். ஆகவே தடுப்பாற்றல் ஜீன்களுக்குத் தமிழரிடம் பங்கே இல்லை என்று இதிலிருந்து முடிவு செய்தலும் தவறு. பெருநகரங்களில் எச்சிலைச் சோதித்து மனநோய் வருமா என்று கணித்துத் தருவதாக விளம்பரங்கள் தோன்றுவதுண்டு. இத்தகைய கணிப்பு பெரும்பாலும் ஐரோப்பியக் கணக்கையே அடிப்படையாகக் கொள்வது. இந்தியருக்கு அது மேலும் பொருத்தம் குறைந்தது. மணமகனுக்கோ மணமகளுக்கோ அச்சோதனை செய்விக்க எண்ணும் குடும்பத்தாரிடம் இதனை எடுத்துக்கூறுதல் வேண்டும்.

தடுப்பாற்றல் இன்றே பயன்தரும் இரண்டு இடங்கள்

எதிர்காலச் சிகிச்சையைப் பற்றிய எதிர்பார்ப்புக்கள் ஒருபுறமிருக்க, இன்று கள ஊழியர் அறிந்திருந்தால் உயிரைக் காக்கத்தக்க செய்திகள் இரண்டு உண்டு.

முதலாவது, மனச்சிதைவைப் போலவே தோன்றி, உண்மையில் தடுப்பாற்றலின் பிழையால் வரும் மூளை அழற்சி. 2007-ம் ஆண்டில் தல்மாவ் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் இதனைத் தெளிவாக விவரித்தனர். மூளையிலுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பிகள்மீது உடலின் எதிர்ப்பொருள்கள் தாக்குதல் தொடுக்கின்றன. பெரும்பாலும் இளம் பெண்களிடம் காண்பது. அவர்களுள் சிலருக்குச் சூலகத்தில் கட்டி இருக்கும். மனச்சிதைவு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும்; இதுவோ சில நாட்களில், அல்லது சில வாரங்களில் மூண்டெழும். முன்பு நலமாக இருந்த பெண் திடீரெனப் பிதற்றத் தொடங்குகிறாள், காய்ச்சலும் தலைவலியும் முன்வந்திருக்கலாம், வலிப்பு வருகின்றது, வாயும் முகமும் தாமே கோணி அசைகின்றன, பேச்சு நின்று உடல் விறைக்கின்றது, நினைவு தடுமாறுகின்றது. ‘பேய் பிடித்தது’ என்று மந்திரிக்க அழைத்துச் செல்லப்படுவோரில் இத்தகையோரும் இருத்தல் கூடும். மனநோய் அறிகுறியோடு வலிப்போ காய்ச்சலோ நினைவு மயக்கமோ சேர்ந்து கண்டால், ஒரு நாளும் தாமதியாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். தாராவியைப் பொறுத்தவரை, மிக அண்மையிலுள்ளது சயானில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை. காலத்தே சிகிச்சை செய்தால் இந்நோயாளிகளிற் பெரும்பாலோர் நன்கு குணமடைகின்றனர்.

இரண்டாவது, மருந்து ஒவ்வாமை. கார்பமஸிபீன் என்னும் மருந்து வலிப்புக்கும், மனவெழுச்சி நோய்க்கும் பெரிதும் வழங்கப்படுகின்றது. அரிதாகச் சிலரிடம் அது தோல் முழுதும் கொப்புளித்து உரியும் கொடிய நிலையை உண்டாக்கும். 2004-ம் ஆண்டில் தைவானில் அவ்வாறு பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தபோது, 44 பேரிடமும் எச்.எல்.ஏ. பி-1502 என்னும் வடிவம் இருந்தது. இந்திய நோயாளிகளிடமும் இத்தொடர்பு 2009-ம் ஆண்டில் காட்டப்பட்டது. மனச்சிதைவை முன்கூட்டிச் சொல்லப் பயன்படாத தடுப்பாற்றல் ஜீன்கள் இங்கே மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவுகின்றன. இம்மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலும், வாய்ப்புண்ணும், கண் சிவப்பும், தோலில் செந்தடிப்பும் தோன்றினால், அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு குடும்பத்தாருக்கு முன்னதாகவே சொல்லி வைத்தல் வேண்டும்.

தங்கையின் திருமணம்

தொடக்கத்தில் கூறிய கேள்விக்கு இப்போது எண்ணைக் கொண்டே விடை கூறலாம். நோயுற்ற இளைஞனின் தங்கைக்குப் பிறக்கும் குழந்தை அவனுக்கு மருமகனோ மருமகளோ ஆகும். மேற்கூறிய பழைய குடும்பக் கணக்குகளின்படி, அவ்வுறவினருக்கு நோய் காணும் வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 4. பொதுமக்களிடம் உள்ள ஒன்றைக் காட்டிலும் இது மிகுதி என்பதை மறைத்தலாகாது. 100 குழந்தைகளில் 96 பேருக்கு அந்நோய் வருவதில்லை என்பதையும் அதே மூச்சில் கூறுதல் வேண்டும். நீரிழிவும் மாரடைப்பும் உள்ள குடும்பங்களில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் எவரும் தயங்குவதில்லை. அவற்றின் வாய்ப்பு இதனினும் பன்மடங்கு மிகுதி. தங்கையின் மணத்தைத் தடுக்கத்தக்க செய்தி எதுவும் ஜீன் ஆராய்ச்சியில் இல்லை.

அன்னையின் வளர்ப்பே இந்நோய்க்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மேனாட்டு மருத்துவர் சிலரும் எழுதினர். அக்கொள்கை கைவிடப்பட்டு நெடுநாளாயிற்று. ஆயினும் மருமகளைப் பழிக்கும் மாமியார் வாயிலும், தன்னையே பழித்துக்கொள்ளும் தாயின் வாயிலும் அது இன்னும் வாழ்கின்றது. நூற்றுக்கணக்கான ஜீன் இடங்கள் தாய், தந்தை இருவர் வழியும் கலந்து வருகின்றன என்பதை எடுத்துரைத்தால் அத்தாய்மாருக்குச் சற்றேனும் ஆறுதல் கிட்டும்.

நோயாளியின் எதிர்காலமும் பலர் அஞ்சுமளவு இருண்டதன்று. சென்னையில் 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் முதன்முறை நோயுற்று மருத்துவமனைக்கு வந்த 90 பேரை மருத்துவர் தாராவும் பிறரும் தொடர்ந்து பல்லாண்டுகள் கவனித்து வந்தனர். பத்தாம் ஆண்டின் முடிவில், தொடர்பிலிருந்தோரிற் பெரும்பாலோர் கடும் அறிகுறிகளின்றி இருந்தனர். மணம் புரிந்து, வேலை பார்த்து வாழ்ந்தோரும் அவர்களுள் உண்டு. மற்றொரு பக்கத்தில், 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். எவ்வகையிலும் நோயாளியைச் சங்கிலியிடுதல் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தினால் தடை செய்யப்பட்டுள்ளது. ஊரில் உள்ள குலதெய்வக் கோயிலிலோ தர்க்காவிலோ கட்டிப்போடும் எண்ணத்தோடு மும்பையிலிருந்து இரயிலேறும் குடும்பங்களுக்கு இதனை அறிவித்தல் வேண்டும். வழிபாட்டைத் தடுக்க வேண்டுவதில்லை; மருந்தை நிறுத்தாமல் வழிபடச் செய்தால் போதும்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு ஆசிரியர் கவனிக்க வேண்டியது சிறிதே. நன்கு படித்து வந்த மாணவன் காரணமின்றிப் பின்தங்குதல், நண்பரை விட்டு விலகுதல், இரவில் உறங்காமை, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாக ஐயுறுதல், தனியே சிரித்தல் ஆகியவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் பெற்றோரை அழைத்துப் பேசுதல் வேண்டும். ஓரறையில் பலர் வாழும் வீட்டில் ஒருவன் பேசாமலிருப்பது பெற்றோர் கண்ணுக்குப் படாமற் போகலாம். வகுப்பில் அது புலப்படும். இவையெல்லாம் மனச்சிதைவே என்று ஆசிரியர் முடிவு கட்டலாகாது. மனச்சோர்வாகவோ, போதைப் பழக்கமாகவோ, வீட்டுத் துன்பமாகவோ இருத்தல் கூடும். அதனைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. தாராவியில் சயான் மருத்துவமனையைச் சார்ந்த நகர்ப்புறச் சுகாதார நிலையம் உள்ளது. மத்திய அரசு 2022-ம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றிப் பெறலாம். தமிழிலும் மராத்தியிலும் பேசலாம்.